அக்காவுக்குத் தேவைப்படாத கணக்கு

தேநீர்த் தட்டில் கிண்ணங்கள் மூன்றுதான். சீனாவின் ஷான்டோ நகரத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் மூன்று கிண்ணங்களையே மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஹுவாங் மூஷெங் முதல் கிண்ணத்தைத் தன் அண்ணன் பக்கம் நகர்த்தினார். இரண்டாவதை மகன் ஸேகாயிடம் கொடுத்தார். மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த சுற்றும் அதே கைகளுக்குத்தான் போயிற்று. ஷென்செனிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய மகள் மியாவ்சான் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குப்பா அவசரமா வரச் சொன்னீங்க?"

"பெரியப்பா நம்ப மாட்டேங்கறாரு. நீ அந்த வேலையிலயே இருக்கிறவ. புரோகிராமருக்குக் கணக்குப் படிப்பு எவ்வளவு முக்கியம்னு நீயே எடுத்துச் சொல்லு."

ஸேகாய்க்கு நுழைவுத் தேர்வு முடிவு வந்திருந்தது. குவாங்சௌவில் அவனைக் கணிதத்தில் சேர்த்து, பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிடுவது மூஷெங்கின் திட்டம். வீட்டுக்குக் கீழே இருந்த பொம்மைக் கார்ப் பட்டறையில் வேலை படுத்துவிட்டது. படிப்புச் செலவுக்கு, வம்சத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வம்சக் கோயில் நிதியைத்தான் நம்பியிருந்தார். நிதி பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது.

"என் மச்சினன் மகன் ஆறு மாசம் பயிற்சி வகுப்புக்குப் போனான், இன்னைக்கு அவனும் புரோகிராமர்தான்" என்றார் பெரியப்பா. "இவனுக்கு மட்டும் எதுக்கு நாலு வருஷம்? நீ சொல்லும்மா."

மியாவ்சான் அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் அதே ஊரில், அதே துறையில் இடம் கிடைத்திருந்தது. அன்று இவர் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு மறக்கவில்லை. "திரையில பட்டன் வைக்கறதுக்கு கால்குலஸ் எதுக்கு? கோர்ஸ் முடிச்சமா, வேலைக்குப் போனமான்னு இரு." போனாள். அவள் சம்பளத்தில்தான் ஸேகாய் டியூஷன் படித்தான்.

அலுவலகத்திலும் அவள் வைத்தது பட்டன்கள்தான். வாடிக்கையாளருக்கு எந்தப் பொருளை முதலில் காட்டுவது என்று முடிவெடுக்கும் நிரலை எழுதும் குழுவுக்கு மாற்றல் கேட்டுப் பார்த்தாள். "அங்க இருக்கறவங்க எல்லாரும் கணிதப் பட்டதாரிங்க. உனக்கு அந்தக் கணக்குக் குறியீடெல்லாம் படிக்கவே வராது. திரையை அழகா பண்ற, அதுலயே இரு" என்றார் மேலாளர். ஒருநாள் அந்தக் குழுவின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திறந்து பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கோபத்தைவிட ஆசைதான் அதிகம் வந்தது.

"சொல்லேன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் மூஷெங்.

"சொல்றேன். பெரியப்பா, நான் தினம் செய்யற வேலைக்குக் கூட்டல் கழித்தல் போதும். கணக்கே இல்லாம இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். ஆனா அந்தப் படிப்பு இல்லாம எங்க ஆபீஸ்ல ஒரு கதவுக்கு மேல திறக்காது. அப்பா ரெண்டு தடவையும் உண்மையத்தான் சொன்னாரு. எனக்கு ஒரு பாதி, தம்பிக்கு மறுபாதி."

மூஷெங் தட்டை ஓங்கித் தட்டினார். வெந்நீர் மேசையெல்லாம் சிதறியது.

"பழசக் கிளறத்தான் ரயிலேறி வந்தியா? அவன் ஆம்பளப் புள்ள. அவன் முன்னுக்கு வரணும். உனக்கு ஒரு வேலை இருந்தாப் போதும். ரெண்டும் ஒண்ணா?"

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள். வெளியே வரவில்லை.

"எனக்குக் கணக்கே பிடிக்காது" என்றான் ஸேகாய் மெதுவாக. "கப்பல் கல்லூரிக்கு..."

"உன்ன யாருடா கேட்டா?"

பெரியப்பா எழுந்தார். "போதும்ப்பா. கணக்கு வேணும்னு புரிஞ்சுபோச்சு. பையனுக்குக் கொடுத்துடலாம்."

"எனக்கும் கொடுங்க பெரியப்பா. நானும் படிக்கணும்."

அவர் சிரித்தார், கோபமில்லாமல், சின்னக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "நாளைக்கு வேற வீட்டுக்குப் போற பொண்ணும்மா நீ. அடுத்தவன் வம்சத்துக்கு எங்க கோயில் எதுக்குச் செலவு பண்ணணும்?"

மியாவ்சான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "கஞ்சியாவது குடிச்சிட்டுப் போடி." அவள் நிற்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஷென்செனின் ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிறு வகுப்பில், கணிதத்தில் சேர்ந்தாள். வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக அப்பாவின் வசவுகள் போனில் வந்துகொண்டிருந்தன. "இந்த வயசுல படிக்கப் போறாளாம், எவன் கட்டிக்குவான்?" முதல் பருவத்தில் பாதி புரியவில்லை. தேர்வில் தோற்றாள். மறுபடி எழுதினாள். பிறகு ஒரு ஞாயிறு, ஆசிரியர் முடிக்கும் முன்பே ஒரு நிரூபணத்தின் கடைசி வரி அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். மேலாளர் மட்டும் மாறவில்லை. "ஞாயிற்றுக்கிழமைப் பட்டமெல்லாம் பட்டமா?" என்றார்.

அடுத்த கோடையில் அப்பாவின் அழைப்பு வந்தது. வகுப்புக்கு வெளியே வந்து எடுத்தாள்.

"தம்பி ரெண்டு பாடத்துல கோட்டை விட்டுட்டான். நீ அங்க போய் ஒரு மாசம் தங்கிச் சொல்லிக் கொடு."

"அவன் கேட்டா சொல்லித் தரேன். போன்ல. எனக்கு வகுப்பு இருக்கு."

"என்ன பெரிய வகுப்பு? படிச்சுக் கிழிச்சியே, சம்பளம் ஏறுச்சா?"

"இல்ல."

"பதவி?"

"அதுவும் இல்ல."

"பின்ன எதுக்குடி படிக்கிற?"

"தம்பி எதுக்குப் படிக்கிறான்னு அவன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களாப்பா?"

 மியாவ்சான் போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். கரும்பலகையில் பாதி அழித்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவளின் குறிப்பைப் பார்த்து, விட்டுப்போன வரிகளை எழுத ஆரம்பித்தாள்.