ஓர் இடத்துக்கு ஓர் ஆள்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் கண்டியில் நண்பர்கள் சிலர் கூடி, வெளிநாட்டிலிருந்து வந்த பலகை விளையாட்டு ஒன்றை ஆடினோம். நம் ஆட்களை வேலையிடங்களில் வைக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒருவர் ஆளை வைத்துவிட்டால் மற்றவர் அங்கே வைக்க முடியாது. அடுத்தவன் இடத்தை மறிப்பதில்தான் ருசியே இருக்கிறது என்றார் ஒருவர். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுந்து போனார் இன்னொருவர். எனக்கு இரண்டு அபிப்பிராயங்களும் பிடித்திருந்தன.

மறிக்கவே கூச்சப்படும் இரண்டு பேர் இதை ஆடினால் என்ன ஆகும்? அவர்களுக்கு இடம் உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அதனால் கதையை, இலங்கையில் தமிழர் கடைகளை எரித்த ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த மாதத்துக்கு, எண்பத்து மூன்று ஆகஸ்டுக்குக் கொண்டுபோனேன்.

2

முதல் முயற்சி: கண்டி நகரம் புகைந்துகொண்டிருந்தபோது— (வேண்டாம். புகையில் தொடங்கும் கதைகள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன.)

இரண்டாவது: கண்டிக்கு அருகே கலகெதரயில் ஹபீல் வீட்டுப் பின்னறையில் நாலு பேர் ஓர் அட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இது போதும்.

ஹபீல் மிளகு வியாபாரி. கடைகள் எரிந்த அன்று தெரிந்த மூவரைத் தன் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கமலாசனி யாழ்ப்பாணத்துக் கணக்கு டீச்சர். இராஜேஸ்வரி, கணவன் போன பிறகு பாத்திரக்கடையைத் தனியே நடத்தியவள். வீரய்யா பக்கத்துத் துணிக்கடைக்காரர். வெளியே தலைகாட்ட முடியாத அந்த நாட்களில், கமலாசனி பிஸ்கட் பெட்டியைப் பிரித்து அதன் பின்புறத்தில் ஒரு கடைத்தெருவை வரைந்தார். மணல், பலகை, தகரம், கடைமுகப்பு என்று இடங்கள். புளியங்கொட்டைகளும் பொத்தான்களும் ஆட்கள். கடைமுகப்பில் ஆள் வைத்தால்தான் அரிசி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்களுக்கு அரிசி கொடுக்க வேண்டும்; அரிசி கிடைக்காத ஆள், அட்டையின் மூலையில் நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டும்.

* அந்தக் காலத்தில் ஒரு டீச்சர் இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருப்பாரா என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு டீச்சரை வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டு வந்து கேளுங்கள்.

3

கப்பல் விளையாட்டுக்காக வரைந்தது அல்ல. இராஜேஸ்வரியிடமும் வீரய்யாவிடமும், மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் கிடைத்த இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. இனிக் கடை இல்லையென்றால் அதுதான் வழி: தலைமன்னாருக்குப் போனால் கப்பல், இறங்கினால் இராமேஸ்வரம். இருவருமே அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. கண்டியில் அவர்கள் தெருவில் எரியாமல் மிஞ்சியது, கடை போடக்கூடிய ஒரே ஓர் அறை. முதலில் வந்து கேட்பவருக்கு அதைத் தருவதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹபீலிடம் சொல்லியனுப்பியிருந்தார். இருவருக்கும் செய்தி தெரியும். இருவருமே வாய் திறக்கவில்லை.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக் கடைப் படியில் கால் வைத்துவிட்ட வாடிக்கையாளரைக் கூப்பிடக் கூடாது. காலையிலிருந்து ஒரு சாமான்கூட விற்காவிட்டாலும் கூடாது. அந்த வழக்கத்தை அட்டைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வீரய்யாவின் கண் கடைமுகப்பில் விழுந்தால் இராஜேஸ்வரி கையை இழுத்துக்கொள்வாள். அவள் கை அந்தப் பக்கம் நீண்டால், அவர் தேவையே இல்லாத மணலுக்குப் போவார். அவர்கள் இருவரின் முறையிலும் கடைமுகப்பு காலியாகவே கிடக்கும்; டீச்சர் வந்து எடுத்துக்கொள்வார். அரிசி தீரும். இருவரின் ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகக் கப்பல் ஏறுவார்கள்.

(இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் எழுதும்போது சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்தது.)

4

விளையாடியவர்களின் அபிப்பிராயங்கள். ஹபீலுக்கு விளையாட்டு பிடித்தது, கப்பல் பிடிக்கவில்லை. அந்த மூலையை வெட்டிவிடும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே இருப்பதை அட்டையில் மறைத்து என்ன பயன் என்று கமலாசனி மறுத்துவிட்டார். வீரய்யா நல்லாத்தான் இருக்கு என்றார். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அதுதான். இராஜேஸ்வரி மட்டும், இடம் போதாது என்று குறை சொன்னாள்.

ஒருநாள் கமலாசனிக்குப் பொறுமை போனது. யாரும் மறிக்காமல் வெல்வது அவருக்கு அவமானமாக இருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் மரியாதை பாத்துப் பாத்தே கப்பல் ஏறப்போறியள்."

(இங்கே 'அறையில் அமைதி கனத்தது' என்று எழுதி அடித்துவிட்டேன்.) இராஜேஸ்வரிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, டீச்சர் மேல் அல்ல. புளியங்கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீரய்யாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்குக் கண்டிக்குப் போயி அந்த அறைய நான் கேக்கப் போறேன். ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்."

வீரய்யா இந்த முறை நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவில்லை.

"நானும் வர்றேன் தங்கச்சி. எனக்கும் அது வேணும்."

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அறையின் நடுவே பலகை அடித்து, இந்தப் பக்கம் பாத்திரம், அந்தப் பக்கம் துணி. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கட்டடக்காரர் ஒருவருக்குத்தான் தருவார். அந்த விதியை வைத்தவன் நான். கண்ணீர் வந்தது என்பதற்காக அதை மாற்றமாட்டேன்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது ஆள் ஒருவர் அறையை எடுத்துவிட்டார். நடக்கக்கூடியதுதான். அதனாலேயே வேண்டாம்.

இராஜேஸ்வரிக்கு அறை கிடைக்கிறது, வீரய்யா தலைமன்னார் ரயிலில்— இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

6

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். காலையில் கலகெதரச் சந்தியில் கண்டி பஸ் வந்து நின்றது. வீரய்யா பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்று, ஏறச் சொல்லிக் கை காட்டினார். இராஜேஸ்வரியும் பழக்கதோஷத்தில் ஓரடி பின்வாங்கினாள். கொண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். அவள் ஏறினாள். இல்லை அண்ணே, நீங்க முதல்ல என்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னாலேயே வீரய்யாவும் ஏறினார்.

பஸ் கண்டிக்குப் போய்ச் சேரும். இறங்கி வேகமாக நடந்தது யார் என்று நான் எழுதப்போவதில்லை. அறையை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது மற்றவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இராஜேஸ்வரி அப்படித்தான் சொன்னாள்.