ஏற்றுக்கொண்ட கையெழுத்து

நூர்தீன் கடையை மூடிச் சில வருடங்களாகிவிட்டன. நெஞ்சு இழுப்பு அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. கொட்டகலைக்கு மேலே, பெரிய தோட்டத்தின் எல்லையை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் தேயிலைக் காணி இருந்தது. ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள் அசீசாவைப் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்திருந்தார். எதுவும் எழுதிவைக்காமல் அவர் மவுத்தானால், மகளுக்கும் மனைவி செரீபாவுக்கும் உள்ள பங்கு போக மிச்சம் காலஞ்சென்ற அண்ணனின் மகன் ரிஸ்விக்குப் போகும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1961இல், மழை தொடங்குவதற்கு முன் அவர் ஹட்டனுக்குப் போய் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதினார். காணி மகளுக்கு, அவரும் செரீபாவும் இருக்கும்வரை அனுபவிக்கிற சீவிய உருத்து அவர்களுக்கு. மரக்கறி லொறி ஓட்டிய ரிஸ்விதான் அவரைத் தாங்கி ஏற்றிக்கொண்டு போனான். வேறு யார் இருந்தார்கள்?

எழுதி முடித்ததும் நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார்.

"மகள் வந்து ஏத்துக்கிட்டேன்னு கையெழுத்து வைக்கணும். அதுவும் நீங்க உசிரோட இருக்கிறப்பவே வைக்கணும். இல்லாட்டி இது வெறும் கடதாசி."

"நானே போய்க் கூட்டிட்டு வர்றேன் சாச்சா" என்றான் ரிஸ்வி.

முதல் முறை தனியாகத் திரும்பினான். பிள்ளைக்குக் காய்ச்சலாம். அடுத்த முறை, மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடக்கிறது என்றான். அதற்கடுத்த முறை, புருஷன் விடமாட்டேன் என்கிறான் என்றான். நூர்தீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன் மகளுக்குத் தன்னைப் பார்க்க வரக்கூட மனமில்லையா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

ரிஸ்வி முன்னறையிலேயே தங்கிவிட்டான். பார்க்க வருபவர்களை, சாச்சா தூங்குகிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். மருந்தை அவனே வாங்கிவந்தான், அவனே கொடுத்தான். ஒரு காலை செரீபா தேநீரோடு உள்ளே வந்தபோது, அவன் கட்டிலருகே குனிந்து கிழவரின் மூக்கருகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நூர்தீன் இருமியதும் நிமிர்ந்தான். அவன் முகத்தில் தெரிந்தது கவலை அல்ல என்று செரீபாவுக்குப் பட்டது.

அவர்கள் காணியில் கொழுந்து எடுப்பவள் காளியாயி. அவள் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது பூண்டுலோயாப் பக்கம். அன்று கூடையை இறக்கும்போது, முந்தின நாள்தான் அங்கே போய் வந்ததாகச் சொன்னாள். மண்சரிவு எப்படி இருக்கிறது என்று செரீபா விசாரித்தாள்.

"மண்சரிவா? ரோடு நல்லாத்தாங்க இருக்கு. ஒங்க மகளயும் கண்டேன். அப்பா எப்படியிருக்காங்கன்னு கேட்டு அழுதிச்சு."

மறுநாள் ரிஸ்வி லொறியோடு போனதும் செரீபா காளியாயியைக் கட்டிலருகே உட்காரவைத்து, தான் வரும்வரை யார் தட்டினாலும் கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அசீசா உம்மாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ரிஸ்வி ஒரே ஒரு முறைதான் வந்தானாம். வாப்பா காணியை அவனுக்கு எழுதிவிட்டதாகவும், அவள் வந்தால் சண்டைக்கு வந்ததாக நினைத்து வாப்பா மனமுடைந்து போவார் என்றும் சொன்னானாம்.

இருவரும் உடனே புறப்பட்டார்கள். கொட்டகலையைத் தாண்டித்தான் ஹட்டனுக்குப் போகவேண்டும். கொட்டகலையில் பஸ் நின்றபோது அசீசா எழுந்தாள்.

"வாப்பாவ ஒரு தரம் பார்த்திட்டுப் போவோம் உம்மா."

செரீபா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வீட்டுக்கு ஏறும் பாதை முனையில் ரிஸ்வியின் லொறி நின்றிருந்தது. அவன் சீக்கிரமே திரும்பிவிட்டிருக்கிறான். இருவரும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். பஸ் நகர்ந்த பிறகுதான் விலக்கினார்கள்.

நொத்தாரிசு பேனாவைக் கொடுப்பதற்கு முன் கேட்டார்.

"அவரு இருக்காரா?"

"காலையில நான் வாறப்போ இருந்தாரு" என்றாள் செரீபா.

நொத்தாரிசு அவளையே பார்த்தார். பிறகு பேனாவை அசீசாவிடம் நீட்டினார்.

வீட்டுக்கு ஏறும்போதே வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. நூர்தீனின் முகத்தை மூடியிருந்தார்கள். அசீசா அவர் காலடியில் விழுந்தாள். ரிஸ்வி மழையில் நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றான். காளியாயி வெகுநேரம் தனக்குக் கதவைத் திறக்கவில்லை, இப்போதுதான் திறந்தாள் என்பதை எல்லோருக்கும் சொல்லியிருந்தான். அவன் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"சாச்சி, எத்தன மணிக்கு கையெழுத்து வச்சீங்க?"

செரீபா துணியை விலக்கி நூர்தீனின் கையைத் தொட்டாள். அவன் காளியாயியிடம் திரும்பினான்.

"உசிரு எப்ப போச்சு? நீ ஒருத்திதானே உள்ள இருந்த."

காளியாயி செரீபாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பதாங்க. இவங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி."

கையெழுத்துக்கு முன்பே சாச்சா மவுத்தாகிவிட்டார் என்று ரிஸ்வி வழக்குப் போட்டான். அது இரண்டு வருடம் இழுத்தது. காளியாயி ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டுக்குப் போய் அதே வார்த்தைகளைச் சொன்னாள். காணி அசீசாவுக்கே நின்றது. நூர்தீனை மூடியிருந்த துணியை விலக்கிக் கையைத் தொட்டபோது அது எவ்வளவு சில்லிட்டிருந்தது என்பதை செரீபா யாரிடமும் சொல்லவில்லை. காளியாயியிடமும் எதையும் கேட்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம், தோட்டத்து லயத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் குறுக்குப்பாதையில் யாரோ தன் பின்னாலேயே வந்ததாகக் காளியாயி சொன்னாள். செரீபா காணிக்குள்ளேயே அவளுக்கு ஓர் அறை கட்டிக்கொடுத்தாள். காளியாயி கேட்டபடி கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போட்டார்கள்.