தபீதாளின் லாரி ஏழாவது லெவலில் நிற்கிறது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சித்தூரில் ஒரு வீடு. கம்ப்யூட்டர் டிகிரி முடித்த மகள், அவளுக்கென்று ஒரு லேப்டாப். ஆனால் அதற்கு அட்மின் அவளுடைய அண்ணன். கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சலில் எழுதினால் கதை கட்டுரையாகிவிடும் என்பார்கள். ஆகட்டும்.

முதல் தொடக்கம்: 'அந்தி சாயும் வேளையில் பிளெஸ்ஸி…'

(வேண்டாம். எல்லாக் கதையிலும் அந்தி சாய்ந்துகொண்டேதான் இருக்கிறது.)

2

பிளெஸ்ஸி திருப்பதியில் படித்தவள். அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. லேப்டாப்பைத் தயார்செய்து கொடுத்த அண்ணன் ஆசிர், அட்மின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஏர்பேடு பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அதிலிருந்த பழைய லாரி விளையாட்டை அம்மா தபீதாள் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்து விளையாட்டு அது. அட்மினாக ஓட்டினால்தான் போன தூரத்தைச் சேமிக்கும். இல்லாவிட்டால், மூடியதும் மறந்துவிடும்.

அதனால் தபீதாள் அதை மூடவே விடுவதில்லை.

"தொடாதடி! ஏழாவது லெவல்ல நிக்குது லாரி."

"வேலைக்கு அப்ளிகேஷன் போடணும்மா."

"ஓரமா போட்டுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. பேட்டரியும் செத்திருந்தது. தபீதாள் அன்றைக்குச் சோறு துன்னவில்லை.

3

பிளெஸ்ஸி போன் போட்டாள்.

"பாஸ்வேர்டு சொல்லுண்ணா."

"உனக்கு இன்னாத்துக்கு? எதையாவது அழிச்சிடுவ."

"நான் படிச்சதே அதைத்தான்."

"படிச்சிட்டு ஆத்தாளும் மகளும் லாரி ஓட்டிக்கினு இருக்கீங்களா?"

[பிளெஸ்ஸியின் பதிலை எழுதி எழுதி அழித்துவிட்டேன். அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள்.]*

* ஆசிரை நல்லவனாகக் காட்ட ஒரு பத்தி முயன்றேன். வரவில்லை.

4

முடிவு அ: பிளெஸ்ஸி விளையாட்டை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்கிறாள். அங்கே பாஸ்வேர்டு இல்லாமலே சேமிக்கும். (நடக்கக்கூடியதுதான். ஆனால் அவள் எதற்குக் கொல்லைப்பக்கமாகப் போக வேண்டும்? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: லேப்டாப்பை மொத்தமாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுகிறாள். அட்மின்: பிளெஸ்ஸி. (எழுதும்போதே விசிலடித்தேன்.) பென்டிரைவில் வைத்திருந்த விளையாட்டைத் திரும்ப ஏற்றுகிறாள். அம்மாவுக்கும் தனிக் கணக்கு ஒன்று, சாதாரணக் கணக்கு.

"ஓட்டும்மா. இனிமே தைரியமா மூடலாம்."

தபீதாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது இன்னாடி கேக்குது?"

"அட்மின் பாஸ்வேர்டு. நகரு, நான் போடறேன்."

"எங்கிட்ட சொல்லு. நானே போட்டுக்கறேன்."

"உனக்கு இன்னாத்துக்கும்மா? எதையாவது அழிச்சி…"

5

இந்த வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. வெற்றிக் கொண்டாட்டம் ஒன்று எழுதி வைத்திருந்தேன், கேக்கெல்லாம் வெட்டுவதாக. என் கோபத்தையெல்லாம் வாரிக் கொடுத்து வளர்த்த பெண், அண்ணன் மாதிரியே பேசிவிட்டாள். அவளுக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வரி பிளெஸ்ஸி சொல்ல வேண்டியது. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். தபீதாள் இரண்டு கையையும் கீபோர்டு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.