நாய்க்குக் கீழே சகலை

1
இந்தக் கதை ஓர் அடுக்குமாடி வாசலில் பிறந்தது. 'வீட்டுக்காரருக்கு நீங்கள் என்ன உறவு?' என்று அங்கிருந்த திரை கேட்டது. பட்டியலில் என் உறவு இல்லை. இதைச் செய்தவன் வீட்டு விருந்தாளியே இப்படி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மழையில் நின்றபடி கறுவினேன்.

2
அன்று காலை சூரியன் தன் பொற்கதிர்களை —
(வேண்டாம். டேட்டாபேஸில் சூரியனுக்கு என்ன வேலை?)

நம் ஆள் ஒரு டேட்டாபேஸ்காரன். தன் குடியிருப்பின் வாசல் திரைக்காக 'உறவு' என்றொரு புதிய தரவு வகையை அவனே வரையறுத்தான். அப்பா, அம்மா, மாமா, அத்தை, மச்சான், கொழுந்தி, கடைசியில் வளர்ப்பு நாய். இதில் இல்லாத எதையும் டேட்டாபேஸ் ஏற்காது. சகலையை மறந்துவிட்டான். (வேண்டுமென்றே மறந்தான் என்றுதான் முதலில் எழுதினேன். அவ்வளவு துணிச்சல் அவனுக்கு ஏது? அடித்துவிட்டேன்.)

3
அவன் மனைவியும் அவள் அக்காவும் வெகுநாள் பேசாமலிருந்து இப்போதுதான் ராசியானார்கள். அக்கா கணவரோடு வருகிறாள்.

"அத்தான் முகம் கோணாம உள்ள வரணும். இல்லேன்னா அக்கா மறுபடி பேசமாட்டா. அப்புறம் நானும் உங்ககிட்ட பேசமாட்டேன்."

அவன் அவசரமாகச் 'சகலை'யைச் சேர்த்தான். அது நாய்க்கும் கீழே போய் உட்கார்ந்தது. திரையிலும் அதே வரிசைதான் தெரியும். இந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் பிறகு நீக்க வழியில்லை. (உறவும் அப்படித்தான் என்று எழுதக் கை அரித்தது. அடக்கிக்கொண்டேன்.)

ஆனால் பெயரை மாற்றலாம். 'நாய்' என்பதைச் 'சகலை' என்றும் 'சகலை' என்பதை 'நாய்' என்றும் மாற்றினான்.

"முடிஞ்சுது வேலை!"

எங்கே முடிந்தது? பெயரை மாற்றினால் அதன்கீழ் ஏற்கெனவே பதிந்ததெல்லாம் புதுப்பெயருக்குப் போய்விடும். அவன் வீட்டு நாயின் விவரம் முழுக்கச் சகலை கணக்கில் ஏறியது.

4
வாசலில் சகலை, 'சகலை' என்ற பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று காட்டியது.

உறவு: சகலை. தடுப்பூசி: போட்டாயிற்று. குரைப்பு: அதிகம். கடிக்கும் பழக்கம்: உண்டு.

வரவேற்க இறங்கி வந்த மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, அது வந்து... டைப்ல ஒரு சின்ன..." என்று டேட்டாபேஸ்காரன் குழறினான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

தங்கை வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

5
சகலை சிரிக்கவில்லை. வாயைத் திறக்கிறார்.

(அவரும் சிரித்தார் என்று எழுதிப் பார்த்தேன், நம்பும்படி இல்லை. கோபித்துத் திரும்பினார் என்று எழுதினேன், அக்கா விடவில்லை.)

இனி உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். பாவம், டேட்டாபேஸ்காரன் அவர் பல்லுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான்.