கேட்டைச் சாத்தியவன்

பார்லா விடியற்காலையில் திறந்து கட்டிவிட்டுப் போன கேட், மதியம் திரும்பி வரும்போது சாத்திக் கிடந்தது. சும்மா சாத்தவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிச்சும் போட்டிருந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் மந்தை முழுவதும் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக் கதறிக்கொண்டிருந்தது.

"அடப் பாவிகளா! உங்க கை விளங்குமா!"

திட்டு வாங்க அங்கே யாரும் இல்லை. ஆகஸ்ட் பிறந்து ஒரு சொட்டு மழை கிடையாது. மேல்தொட்டி வற்றிப்போய்விட்டது. புல் கேட்டுக்கு மேலே, தண்ணீர் கேட்டுக்குக் கீழே. அதனால்தான் மாடுகள் தாங்களாக இறங்கிக் குடித்துவிட்டு ஏறட்டும் என்று கேட்டைக் கம்பத்தோடு சேர்த்துத் திறந்து கட்டிவிட்டு, முகட்டுக்கு அந்தப் பக்கம் வேலி கட்டப் போயிருந்தாள்.

யார் வேலை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கில் தடுப்புக்கட்டை போட்டுக் கார்களை நிறுத்தினார்கள். ஊர்க்கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அப்பாடா, புழுதி ஒழிந்தது என்று மூச்சு விடுவதற்குள் சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வண்டி வாசனையே இல்லாத சரளைக்கல் பாதையாம், கணவாய் வரைக்கும் சொர்க்கமாம். சொர்க்கத்துக்கு வந்தவனுக்குக் கேட்டைச் சாத்தத் தெரியவில்லை. ஜூன் மாதம் முழுக்கத் திறந்து போட்டுவிட்டே போனார்கள். பொறுக்க மாட்டாமல் சிவப்புப் பெயின்டில் பலகை எழுதிக் கேட்டிலேயே தொங்கவிட்டாள்: 'சாத்துடா! உன் வீட்டு வாசலா இது?'

முடிச்சை அவிழ்த்ததும் மாடுகள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடின. எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. எது என்று தேட வேண்டியதே இல்லை. மந்தைக்கு முன்னால் போகிற ஃபால்பாவின் பெரிய மணிச் சத்தம் எங்கும் கேட்கவில்லை.

கோடை முழுக்க ஊர்க்காரர்களின் மாடுகளை மலைமேல் வைத்து மேய்ப்பது பார்லாவின் வேலை. ஃபால்பா ஊரிலிருக்கும் மெங்கியாவின் மாடு. புருஷன் போனபிறகு மெங்கியாவிடம் மிஞ்சியது மூன்றே மாடுகள். பால் என்று சொல்லும்படி கறப்பது இது ஒன்றுதான். "இந்த வருஷம் மேல அனுப்ப வேணாம், பயமா இருக்கு" என்றவளை, "நான் இருக்கேன்ல?" என்று அடித்துப் பேசி ஓட்டிக்கொண்டு வந்தது பார்லா.

அந்த நேரம் பார்த்துக் கணவாய்ப் பக்கமிருந்து சரசரவென்று ஒரு சைக்கிள் இறங்கி வந்தது. பார்லா பாதை நடுவில் போய் நின்றாள்.

"இறங்குடா கீழ!"

பையன் பிரேக் போட்டான். யானிக் என்று பெயர், சூரிக்கில் பள்ளிக்கூட வாத்தியார். ஹெல்மெட்டுக்கு அடியில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? கேட்டை இழுத்துக் கட்டிட்டு, மேல போய்க் காத்து வாங்கிட்டு வர்றியா? கட்டறதுக்குக் கை இருந்துச்சே, மாட்டுக்குத் தண்ணி வேணும்னு நெனைக்க மண்டையில ஒண்ணும் இல்லையா?"

"நான் கட்டலைங்க. காலைல வந்தப்போ திறந்துதான் இருந்துச்சு. பலகையைப் பாத்துச் சாத்தத்தான் போனேன். ஆனா கயிறு போட்டுத் திறந்து கட்டியிருந்துச்சு. வேணும்னுதான் யாரோ கட்டியிருக்காங்கன்னு அப்படியே விட்டுட்டுப் போனேன்."

"ஓஹோ! பொய்யும் இவ்வளவு விவரமா வருமா உனக்கு?"

சைக்கிளை அவன் கையிலிருந்து பிடுங்கி, முன்சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாடு கிடைச்சா சக்கரம் கிடைக்கும். நட!"

நடந்தார்கள். பையன் அந்தச் சைக்கிள் ஷூவோடு பாறையில் வழுக்கி வழுக்கி ஏறினான். முட்டியில் ரத்தம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. பார்லாவின் வாய்தான் ஓயவில்லை. கார்க்காரனாவது ஹாரன் அடிப்பான், நீங்கள் பூனை மாதிரி வந்து குடியைக் கெடுக்கிறீர்கள் என்று அவனையும் அவன் ஊரையும் வாரிக் கொட்டிக்கொண்டே போனாள். நடுநடுவே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். கார் இல்லாத மலையில் ஒரு மாடு தலையை ஆட்டினாலும் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

ஓடைக்கு மேலிருந்த வேலிக்கம்பி அறுந்து கிடந்தது. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இறங்கப் பார்த்திருக்கிறது பாவம். ஓடைக்கு எட்டாமல், பாறைகளுக்கு நடுவில் கழுத்து மடங்கிக் கிடந்தது. பார்லா சறுக்கிக்கொண்டே இறங்கிப் போய் வயிற்றில் கை வைத்தாள். சூடு இருந்தது, மூச்சு இல்லை.

"ஐயோ, என் கண்ணே! தண்ணிக்கு இத்தனை பக்கத்துல வந்தியே!"

யானிக் தள்ளி நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் அழுவதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. வாரை அவிழ்த்து, மணியை எடுத்து, அது அடிக்காதபடி உள்ளே புல்லைத் திணித்து அவன் கையில் வைத்தாள்.

"மாட்டை நாளைக்கு ஹெலிகாப்டர் தூக்கிட்டுப் போயிடும். மணியை மட்டும், மாடு யாரால போச்சோ அவன்தான் சொந்தக்காரி வாசல்ல கொண்டுபோய்க் குடுக்கணும். இங்க அதுதான் வழக்கம். நீ போய் மெங்கியா மூஞ்சியைப் பாத்துக் குடு."

"நான் கட்டலைங்க," என்றான் யானிக். மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஆனா கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவர்கள் ஏறி வருவதற்குள் மாடுகள் குடித்துவிட்டு மேலே மேயப் போயிருந்தன. கேட்டருகே ஒருவன் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். பார்லாவின் புருஷன் கியேரி. ஊரில் தச்சுப்பட்டறை. இந்த வசந்தத்தில்தான் சரளைப்பாதைச் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஐம்பது வயதுக்கு மேல் இறுக்கமான கால்சட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான். தொத்திறைச்சிக்குத் தோல் போர்த்தின மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"வாடி வா!" என்றான் கியேரி உற்சாகமாக. "குடிசையில ரொட்டி வெச்சிருக்கேன். அதை விடு, இந்த டவுன் கழுதைங்களைப் பாத்தியா? முன்ன மேல போறப்பவே கேட் ஆன்னு திறந்து கிடந்துச்சு. நான்தான் இழுத்துக் கட்டிட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா மறுபடியும் எவனோ திறந்து போட்டிருக்கான்! நான் இல்லேன்னா உன் மந்தை என்ன ஆயிருக்கும், சொல்லு?"

யானிக் மணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"நேத்து போன்ல சொன்னேனே," என்றாள் பார்லா. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "மேல்தொட்டி வத்திப்போச்சு, கேட்டைத் திறந்து கட்டப் போறேன்னு. நீயும் ம்ம், ம்ம்னியே!"

"சொன்னியா? நான் அப்ப டயர் மாத்திக்கிட்டு..." அவன் கண் மணிமேல் விழுந்தது. முகம் வெளுத்தது. "ஃபால்பாவா?"

"ஆமாடா! ஃபால்பாதான்! உன் டயரைத் தூக்கிக் கொளுத்த! பொண்டாட்டி சொல்றது என்னிக்குத்தான் உன் காதுல ஏறியிருக்கு?"

"சாத்துடான்னு நீதானே பார்லா எழுதி வெச்சிருக்கே!" கியேரியும் கத்தினான். "இத்தனை பெரிய எழுத்துல! திறந்து கட்டினவ அதைக் கழட்டிட்டுப் போகக்கூடாதா?"

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததால் இன்னும் எரிந்தது. பலகையைப் பிடுங்கி ஓடைப்பக்கம் வீசினாள். கேட்டை மறுபடி விரியத் திறந்தாள். யானிக்கிடமிருந்து மணியை வாங்கி, உள்ளேயிருந்த புல்லை நோண்டி எறிந்துவிட்டுக் கியேரியின் ஹேண்டில்பாரில் வாரை மாட்டினாள்.

"போ. இப்படியே ஊர் வரைக்கும் அடிச்சுக்கிட்டே போ. கேக்கட்டும் எல்லாரும். நிறுத்தினே, அப்புறம் மேல வராதே."

கியேரி சைக்கிளில் ஏறினான். முதல் கல்லிலேயே மணி அடித்தது. டண், டண் என்று பாதை நெடுக இறங்கிப் போயிற்று.

பார்லா சக்கரத்தை யானிக்கிடம் நீட்டினாள். "உன்னை அநியாயமாத் திட்டிட்டேன் தம்பி. உன் ஊரையும் சேத்து. மன்னிச்சுக்க. வா, பால் குடிச்சிட்டு..."

மேலே மேய்ச்சலில் மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன. அந்த மணிக்குப் பின்னால்தான் அவை கோடை முழுக்க நடந்திருக்கின்றன. ஒன்று அம்மா என்று கத்திக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மந்தை மொத்தமும் பாதையை நோக்கி ஓடி வந்தது.

"கேட்! கேட்டைச் சாத்து தம்பி! சாத்து!"

யானிக் சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடி, கேட்டை இழுத்துச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றான். மாடுகள் வந்து மோதி நின்று, கீழ்ப்பக்கம் கழுத்தை நீட்டி ஃபால்பாவைக் கூப்பிட்டுக் கதறின.

பார்லா பாதை விளிம்புக்கு ஓடினாள். "கியேரி! நிறுத்து! உள்ள புல்லைத் திணி! கியேரி!"

கீழே மணி நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் சொன்னதை அவன் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான்.