அண்ணன் பொண்டாட்டியின் மலை

நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் இந்த நாத்தனார் படித்திருக்கப் போவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். அவளுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் கண்ணாடிச் சட்டம்தான். வேலை மாற்றலாகி அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்தவள், அண்ணன் மனைவியைப் பற்றி வெளியில் பேச நேர்ந்தால் "எங்க அண்ணன் பொண்டாட்டி" என்பாள். நேரில் பேசினால் "இங்க பாருங்க" என்பாள். அண்ணி என்ற மூன்றெழுத்து அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. கல்யாணத்தின்போது ஏதோ மனத்தாங்கல். என்ன ஏது என்று இப்போது அவளுக்கே மறந்துவிட்டது. ஆனாலும் பிடித்த பிடியை விடுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

அந்த அண்ணன் பொண்டாட்டியோ பல்செட் செய்கிறவள். பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகும் அச்சுமாக உட்கார்ந்திருப்பாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருவதற்கு அவள் தொழிலில் 'கடி' என்று பெயர். கடி பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகான பல்செட்டும் டம்ளர் தண்ணீரில்தான் குடியிருக்கும் என்பாள்.

வாரம் முழுவதும் பற்களோடு செய்ததை ஞாயிற்றுக்கிழமை மலைகளோடு செய்தாள். கார் இல்லாதவர்களும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், கிராமப்புறத்தில் நாள் முழுக்க நடந்து, பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரக்கூடிய பாதைகளைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பைத்தியம். பஸ் இறக்கிவிடும் இடத்தில் பாதை தொடங்க வேண்டும், பாதை முடியும் இடத்தில் ரயில் காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு கடிதான். அண்ணன் எங்கேயும் வரமாட்டான். "எனக்கு இந்தக் கட்டில் ஏறி இறங்குறதே மலை ஏறுற மாதிரி" என்று போர்வையை இழுத்துக்கொள்வான்.

நாத்தனார் முதல் தடவை கூடப் போனது குறை கண்டுபிடிக்கத்தான். அந்தப் பாதையில் குறை அகப்படவில்லை. ஆட்டுப்பட்டிகளைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி, கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்றது. தகரக் கொட்டகை ஒன்று, பஸ் திரும்புவதற்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். அங்கிருந்து மலை முகட்டில் இடுப்பளவு புல். பிறகு மரக்கதவு வைத்த கல்சுவர், ஊசியிலைக் காடு, கல்லுக்குக் கல் தாண்டிப் போக ஓர் ஓடை. அதற்கப்புறம் சரிவு முழங்காலைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிடுவதுபோல மெல்ல மெல்ல இறங்கி ரயில் நிலையத்தில் போய் முடிந்தது. ரயிலும் சொல்லி வைத்ததுபோல வந்து நின்றது. இப்படி ஒன்றை ஒரு மனுஷி தன் இரண்டு காலால் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று நாத்தனார் மலைத்துப் போனாள். ஆனால் "வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தப்பவிடவில்லை.

அண்ணன் பொண்டாட்டியோடு ஞாயிறுதோறும் நடக்க ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது; அதற்கு இரண்டு விதிகள். ஒன்று, போன வழியே திரும்பக் கூடாது. "சாப்பிட்ட இலையிலயே மறுபடி சாப்பிடுவோமா?" என்பாள் அண்ணிக்காரி. இரண்டு, கூட்டத்தின் வேகம் கடைசி ஆளின் வேகம். கடைசி ஆள் எப்போதும் ஓய்வு பெற்ற தட்டச்சர்தான். மேடு கண்ட இடமெல்லாம் நின்று மூச்சு விடுவார் என்பதால் அவருக்குப் பெருமூச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தகரக் கொட்டகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. போதிய பயணிகள் இல்லாததால் கடைசி நிறுத்தம் வரை செல்லும் சேவையை நிறுத்த உத்தேசம்.

"போதிய பயணிகள் இல்லையா? அப்போ நாமெல்லாம் யாரு, மூட்டை முடிச்சா?" என்று கொதித்தாள் அண்ணிக்காரி. மறுநாளே நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகம் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மேல போற வண்டியில உங்க கூட்டம் இருக்கு, எனக்கும் தெரியும்மா. ஆனா திரும்பி வர்ற வண்டியில ஈ காக்கா கிடையாது. மேல போற ஜனமெல்லாம் என்னதான் ஆகுது? ஆவியாப் போயிடுதா?"

அதிகாரி மேலும் சொன்னார். வருகிற ஞாயிறு மாலை வண்டியில் செக்கர் ஒருவர் வருவார். கடைசி நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்களா, வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறதா, இரண்டையும் பார்ப்பார். அதை வைத்துத்தான் முடிவு.

படியிறங்கும்போது அண்ணிக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதிப் படியில் அது அழுகையாகிவிட, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேல்வரிசையை மட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சேன். கீழ்வரிசையை மறந்துட்டேன். போன வழியே திரும்பக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, நம்ம பஸ்ஸை நாமளே காலி பண்ணிட்டோம்."

அந்தப் பஸ் நின்றால் அந்தப் பாதையும் போச்சு. காரில் வருகிறவர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடும்.

"இங்க பாருங்க, வழியைத் திருப்பிப் போட்டா என்ன? ரயில்ல போய் ஏறுவோம், பஸ்ல இறங்குவோம்."

"முழுக்க ஏத்தம். பெருமூச்சு என்ன பண்ணுவாரு?"

"ஒரு நாளைக்கு அவர் வீட்ல இருக்கட்டுமே."

அண்ணிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவருக்கு இல்லாத பாதையைக் காப்பாத்தி யாருக்குக் குடுக்கிறது?"

நாத்தனாருக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ரயிலில் போய் இறங்கி நடந்தார்கள். கெஞ்சி இறக்கிவிட்ட அதே சரிவு இப்போது ஏற்றமாகி வட்டியும் முதலுமாக வாங்கியது. ஓடையைத் தாண்டியதும் பெருமூச்சு ஒரு கல்லில் உட்கார்ந்தார். காட்டுக்குள் மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் தடவை உட்கார்ந்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. "என்னால பஸ் போச்சுன்னு ஆகிடக் கூடாதும்மா, நீங்க போங்க" என்றார்.

அண்ணிக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டே நாத்தனாரைப் பார்த்தாள். "நீ இவங்களைக் கூட்டிட்டு முன்னால போ. உனக்கு வழி தெரியும்."

வழி எங்கே தெரியும்! மேலிருந்து கீழே வந்துதான் அவளுக்குப் பழக்கம். திரும்பி நின்ற மலை ஆளே மாறியிருந்தது. காடு முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் நின்ற அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இடது பாதையில் கொஞ்ச தூரம் போய் நின்று, வந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் இல்லை. வலது பாதையில் போய்த் திரும்பிப் பார்த்தாள். அதோ, வாராவாரம் பார்க்கிற அதே காட்டு வாசல்! அதற்குப் பிறகு பத்தடிக்கு ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் கூட்டத்தை முன்னால் நடத்திக்கொண்டு போனாள்.

தகரக் கொட்டகையை அடைந்தபோது பஸ் நின்றிருந்தது. முன் சீட்டில் செக்கர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக ஏற ஏற அவர் புருவமும் ஏறியது. கண்டக்டருக்கோ தலைகால் புரியவில்லை. "இங்கிருந்தா? எல்லாருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு டிக்கெட் கொடுத்தார். நாத்தனார் மட்டும் படியிலேயே நின்று முகட்டைப் பார்த்தாள். யாரையும் காணோம். டிரைவர் ஹாரன் அடித்தார்.

வண்டி வட்டமடித்துத் திரும்பும்போதுதான் முகட்டுப் புல்லுக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. "வண்டியை நிறுத்துங்க!" என்று நாத்தனார் கத்திவிட்டாள். டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். செக்கரும் எட்டிப் பார்த்து, "நிக்கலாமே, பாவம்" என்றார்.

ஆனால் மேலே அண்ணிக்காரி இரண்டு கையையும் வீசினாள். வா வா என்று அல்ல, போ போ என்று. காயப்போட்ட நெல்லிலிருந்து கோழி விரட்டுகிறவள் மாதிரி விரட்டினாள். வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறதா என்பதும் செக்கரின் கணக்கில் உண்டு என்பது நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் இறங்கி வந்து சேர அரைமணியாவது ஆகும்.

"வேண்டாம், போங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள்.

"இதுதானே கடைசி வண்டி? அவங்க எப்படி வருவாங்க?" என்று கேட்டார் செக்கர்.

"போன வழியே திரும்பி நடந்து ரயிலைப் பிடிப்பாங்க."

"யாரும்மா அது?"

நாத்தனார் பதில் சொன்னாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

அண்ணிக்காரி வீடு வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டிருந்தது. பெருமூச்சை அவர் வீட்டு வாசல் வரை கொண்டு விட்டு வந்திருந்தாள். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டாள். "வண்டி நேரத்துக்குக் கிளம்பிச்சா?"

"கிளம்பிச்சு. செக்கர் ஏறுனவங்களைக் கண்ணால பாத்துட்டாரு. இனிமே ஏறிக்கிட்டே இருந்தா வண்டியை யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னாரு."

அண்ணிக்காரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போ ஒரு வாரம் ஏறுவோம், ஒரு வாரம் இறங்குவோம். தெரியுமா, திரும்பி வந்தா அது வேற மலை. இத்தனை நாள் பாதி மலையைத்தான் பாத்திருக்கேன்."

நாத்தனார் வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அந்த செக்கர் உங்களை யாருன்னு கேட்டாரு."

"என்ன சொன்னே? அண்ணன் பொண்டாட்டின்னா?"

தெரிந்துதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும். நாத்தனாருக்கு முகம் சிவந்தது.

"எங்க அண்ணின்னு சொன்னேன்."

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் வெந்நீருக்குள் விட்டுக்கொண்டாள்.

"அதுக்கு நான் ஒரு பஸ்ஸையே விட வேண்டியிருந்துச்சு பாரு" என்றாள்.