பெரிய எழுத்தில் பயம்

என் மனைவிக்கும் என் தங்கச்சிக்கும் இதுவரை சண்டை வந்ததே இல்லை. சண்டைக்கு நேரம் வேண்டுமே; கிண்டலுக்கே நாள் சரியாகப் போய்விடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட நான், யார் எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் காலத்தை ஓட்டுகிறேன்.

நானும் மனைவியும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஆளுக்கொரு கார். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இளவயசைத் தாண்டியவர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அவர்களுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவர்களிடம் என் மனைவி குரலை உயர்த்தவே மாட்டாள். மிச்சம் பிடித்த குரலையெல்லாம் வீட்டில் எனக்குத் தருவாள்.

தங்கச்சி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போஸ்டர், ஃபோனில் சுற்றவிடும் விளம்பரப் படம் எல்லாம் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறாள். எங்கள் ஸ்கூலுக்குப் புதுசாக ஒரு விளம்பரம் வேண்டும் என்றதும் லேப்டாப்போடு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசகத்தை மனைவியே யோசித்து வைத்திருந்தாள்: "பயம் வேண்டாம், பழகலாம்."

"ஆனா ஒண்ணு. ப்ரஷ்ல இழுத்த மாதிரி எழுத்து வேணும். அந்த ஜிம் போர்டைப் பார்த்தியா? பார்த்தாலே ஓடணும்போல இருக்கு."

"அண்ணி, நம்மகிட்ட வர்றவங்க ஓடிப்போயிடக் கூடாதே!"

"அவங்களை நான் பிடிச்சு உட்கார வச்சுக்கிறேன். நீ எழுத்தைக் காட்டு."

தங்கச்சி ஒவ்வொரு ஃபான்ட்டாகக் காட்டினாள். முதலாவது, முனை பிசிறி, கோடு கோடாகக் காய்ந்து போய் முடிந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம ஆளுங்க திடீர்னு பிரேக் போட்டா ரோட்டுல விழுற டயர் தடம்." அடுத்தது குண்டு குண்டாக, சுழியெல்லாம் மையில் அடைபட்டிருந்தது. "இதுக்கு மூக்கடைப்பு." மூன்றாவது மெலிசாக வளைந்து வளைந்து போனது. "இது அழகு நிலையம். இதைப் போட்டா புருவம் திருத்தத்தான் வருவாங்க."

"அண்ணி, இதையெல்லாம் தேடி எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? தமிழ்ல ப்ரஷ் எழுத்து கிடைக்கிறதே அபூர்வம். கிடைச்சா 'ழ' சரியா இருக்காது. 'ழ' சரியா இருந்தா 'ண' காலை வாரிடும்."

"பாவம்டி நீ. டீ குடி, தெம்பா தேடலாம்."

கடைசியாக ஒன்றைத் திறந்தாள் தங்கச்சி. திறக்கும்போதே அவள் முகம் மலர்ந்தது. தட்டையான ப்ரஷ்ஷை ஒரே மூச்சில் இழுத்தது போன்ற எழுத்து. 'ப'வின் அடிக்கோடு கனமாகத் தொடங்கி, வலப்பக்கம் ஏறி, நுனியில் முடி பிரிந்து நின்றது. புள்ளிகூட ப்ரஷ்ஷை ஒரு தட்டுத் தட்டி வைத்த மாதிரி இருந்தது.

மனைவி இதற்கு மட்டும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அப்படியென்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் முழு வாசகத்தையும் அதில் போட்டதும், 'ண்டா' உருட்டி எறிந்த தோட்டக் குழாயாகவும், 'ழ' எட்டுக்கால் பூச்சியாகவும் தெரிந்தது.

"எல்லாத்தையும் இதுல போடக் கூடாது அண்ணி. இந்த மாதிரி எழுத்து சென்ட் மாதிரி. ஒரு சொட்டு போதும், குளிக்கக் கூடாது. ஒரே ஒரு வார்த்தையை இதுல பெரிசா போட்டுட்டு, மத்ததைச் சாதாரண எழுத்துல சின்னதா வச்சுடலாம்."

எந்த வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. மூன்று வார்த்தைகளில் எதன் எழுத்து அழகாக வந்திருந்ததோ அதை எடுத்துப் பெரிதாக்கினாள். சிவப்பில் இரண்டு மூன்று வகை போட்டுப் பார்த்தாள். படத்தை மனைவியின் ஃபோனுக்கு அனுப்பினாள். மனைவி அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்து, பிழை இல்லை என்று தலையாட்டினாள். என்னிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அடுத்த வாரம் ஸ்டிக்கர் கடைக்காரர் மனைவியின் காரில் இரண்டு பக்கக் கதவிலும் பின் கண்ணாடியிலும் ஒட்டிக் கொடுத்தார். மனைவி அதை ஓட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, சாமான் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வெள்ளைக் கார். கதவில் ரத்தச் சிவப்பில் ஒரே ஒரு வார்த்தை: பயம்.

"வேண்டாம், பழகலாம்" அதற்குக் கீழே எறும்பு வரிசை போல இருந்ததாம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இது என்ன படம்மா? எப்ப வருது?" என்று விசாரித்தாராம்.

அங்கேயே பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தங்கச்சிக்கு ஃபோன் போட்டாள்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். நாம கார் ஓட்டச் சொல்லித் தர்றோமா, பேய் ஓட்டச் சொல்லித் தர்றோமா?"

மனைவி வீடு திரும்பியதும் தங்கச்சி எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள். தள்ளி நின்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, நான் 'ப'வைத்தான் பார்த்தேன். பயத்தைப் பார்க்கலை."

"நானாவது பார்த்திருக்கணும். மூக்குல ஒட்டி வச்சுப் பார்த்தா எல்லாமே பெரிசாத்தான் தெரியும்."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிரித்துவிடலாம் என்றுதான் முடிவானது. ஆனால் மறுநாள் காலை ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு வகுப்பு. அடுத்தவர் வாயில் மெஷினை விட்டுக் குடைவதற்கு அஞ்சாத அந்த அம்மாவுக்கு சிக்னல் என்றாலே பயம். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், வண்டி அணைந்துவிடும், ஹாரன் இன்னும் பலமாகும், அழுகை வந்துவிடும். என் காரில் எனக்கும் வகுப்பு இருந்ததால், மனைவி வேறு வழியில்லாமல் அந்தக் காரிலேயே கூட்டிக்கொண்டு போனாள்.

வழக்கம்போல சிக்னலில் வண்டி அணைந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் இருந்த வேன் நல்ல இடைவெளி விட்டு, பெரிய மனுஷன் வீட்டு வாசலில் நிற்பதுபோலப் பணிவாக நின்றுகொண்டிருந்தது. டாக்டர் நிதானமாகச் சாவியைத் திருப்பி, கிளட்ச்சை விட்டு, அழகாக எடுத்துக்கொண்டு போனார்.

வகுப்பு முடிந்து இறங்கியதும் சொன்னார்: "மேடம், அந்த ஸ்டிக்கரை மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு இருக்கிறதை வெளிய எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. பார்த்ததும் அவங்களே தள்ளிப் போயிடறாங்க."

மனைவி வீட்டுக்கு வந்த வேகத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டாள். "எடுக்க வேணாம். இருக்கட்டும். நீ ஒரு மேதைடி, தெரியாமப் பண்ணினாலும்."

இப்போது தங்கச்சி பிடிவாதம் பிடித்தாள். "அது முடியாது அண்ணி. விளம்பரம்னா ஆளை வா வான்னு கூப்பிடணும். இது போ போன்னு விரட்டுது. என் பேரைச் சொல்லிக்க வேணாமா?"

"பின்னாடி வர்றவன் போகத்தானேடி வேணும்?"

"பின்னாடி வர்றவன் சரி. பக்கத்துல நடந்து போறவங்க?"

மனைவி எழுந்து போய்க் கார்க் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, இருவருக்கும் நியாயமாக ஒரு வழி பிறந்தது. பின் கண்ணாடியில் "பயம்" அப்படியே இருக்கும். கதவுகளில் "பழகலாம்" ப்ரஷ்ஷில் பெரிதாக, நீல நிறத்தில். அதற்காகத் தங்கச்சி அந்த 'ழ'வைத் தானே கையால் வரைந்து, ஸ்கேன் செய்து, எட்டுக்கால் பூச்சியிடமிருந்து அதை மீட்டெடுத்தாள். ஃபோன் படத்துக்கும் அதுவே. இந்த முறை படத்தைச் சுவரில் ஒட்டி, மனைவியைத் தெருமுனைவரை நடக்கவைத்து, அங்கிருந்து படிக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஸ்டிக்கரைக் கதவிலிருந்து உரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம், தங்கச்சி கையில் ஹேர் டிரையர், மனைவி கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை. சூடு காட்டினால் பசை இளகும், உரித்துவிடலாம் என்று ஸ்டிக்கர் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"அண்ணி, மெதுவா. 'ப' கிழியுது."

"கிழியத்தானே உரிக்கிறோம்!"

"இருந்தாலும் அந்த அடிக்கோட்டை முழுசா எடுங்களேன். நான் எடுத்து வச்சுக்கறேன்."

"ஏங்க," என்று மனைவி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "உங்க தங்கச்சிக்கு ஒரு ஃபிரேம் வாங்கிட்டு வாங்க." சொல்லிவிட்டு, நகத்தை மெல்ல உள்ளே விட்டு, அந்தக் கோட்டைக் கிழியாமல் நுனிவரை உரித்து எடுத்துக் கொடுத்தாள்.